ஒரு மெகாவாட் கற்றைக்கு எத்தனை மெகாவாட் மின்சாரம்? புரோட்டான் முடுக்கிகளில் எதைத் தேர்வது

சுவிட்சர்லாந்தின் வில்லிகெனில் இருக்கும் பால் ஷெரர் நிறுவனத்தின் புரோட்டான் முடுக்கி, மின்வலையிலிருந்து சுமார் 10 மெகாவாட் எடுத்துக்கொண்டு 1.3 மெகாவாட் கற்றையை (வேகமேறிய புரோட்டான்களின் ஓட்டம்) தருகிறது. அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று. இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். ஆனால் மெகாவாட் அளவில் ஓடும் புரோட்டான் முடுக்கிகளில் இதுதான் முன்வரிசை. மற்றவை பத்து சதவீதத்துக்குக் கீழே நிற்கின்றன.

புதிதாக ஒரு பேராற்றல் முடுக்கி கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நியூட்ரானுக்காகவோ, மியூவான் என்ற துகளுக்காகவோ, அணு உலையை இயக்குவதற்காகவோ இருக்கலாம். கற்றையைச் சுருளாகச் சுற்றவிட்டு ஏற்றும் சைக்ளோட்ரானா, ரேடியோ அலையால் தள்ளும் உலோக அறைகளை (கேவிட்டி) மின்தடை ஏறக்குறைய இல்லாதபடி குளிர்வித்து நேர்கோட்டில் அடுக்கும் மீக்கடத்தி லீனாக்கா, காந்தப்புலத்தை ஏற்றி ஏற்றி ஒரே வளையத்தில் ஓட்டும் வேகச் சுழற்சி சிங்க்ரோட்ரானா? மின்செலவைக் கண்முன் வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடைவிடாத கற்றை போதும், 600 எம்.இ.வி. (மெகா எலக்ட்ரான் வோல்ட்) அளவு ஆற்றலும் போதும் என்றால் சைக்ளோட்ரானை மிஞ்ச ஆளில்லை. ஒரு ஜி.இ.வி.யை (ஆயிரம் எம்.இ.வி.) தாண்ட வேண்டும், அல்லது கற்றை பல மெகாவாட்டுக்குப் போக வேண்டும் என்றால் மீக்கடத்தி லீனாக். சிங்க்ரோட்ரான் பக்கம் போவதற்குக் குறுந்துடிப்பும் (விட்டுவிட்டுக் குட்டையாக வரும் கற்றை) பல ஜி.இ.வி.யும் சேர்ந்தே தேவைப்பட வேண்டும். இந்த மூன்றில் எதை எடுத்தாலும், கற்றையே இல்லாதபோது அது எவ்வளவு தின்கிறது என்பதுதான் ஆண்டுக் கடைசியில் மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும்.

இதை விளக்க வில்லிகென் எண்களே போதும். அங்கே மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும்போது 90 சதவீதம் தேறுகிறது. அதை ரேடியோ அலையாக்கும்போது 64 சதவீதம். ரேடியோ அலை கற்றைக்குப் போய்ச் சேரும்போது 55 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 32. அப்படியானால் 1.3 மெகாவாட் கற்றைக்கு 4 மெகாவாட் சொச்சம்தான் தேவை. மீதி 6 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் குறைவானது எங்கே போகிறது? காந்தங்கள், குளிர்நீர் பம்புகள், வெற்றிடம், கற்றைக் குழாய்கள், கட்டடம். இவற்றில் பெரும்பகுதி கற்றை ஓடினாலும் ஓடாவிட்டாலும் எரியும்.

தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். கற்றையைப் பாதியாகக் குறைத்தால், கேவிட்டிச் சுவரில் கரையும் ரேடியோ சக்தி அப்படியே இருக்கும். கற்றைக்குப் போகும் பங்கு மட்டும் குறையும். மொத்த நுகர்வு 10லிருந்து 9 மெகாவாட்டுக்கு இறங்கும், அவ்வளவுதான். திறன் 13லிருந்து 7 சதவீதமாகிவிடும். கற்றையை முழுவதும் நிறுத்திவிட்டுக் கேவிட்டிகளை மட்டும் தயார்நிலையில் வைத்திருந்தாலும் ஏழரை மெகாவாட்டுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். பயணியே ஏறாவிட்டாலும் டீசல் குடிக்கும் பேருந்து மாதிரி. ஆகவே விளம்பரத் தாளில் வரும் உச்சத் திறனை மட்டும் பார்த்து இயந்திரங்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. முழுக் கற்றை, பாதிக் கற்றை, பூஜ்யக் கற்றை என்று மூன்று எண்கள் கேட்க வேண்டும்.

சைக்ளோட்ரான் இந்த விஷயத்தில் எப்படி முன்னால் நிற்கிறது? ஒரே கேவிட்டியைக் கற்றை திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. வில்லிகென் வளையத்தில் புரோட்டான் ஏறக்குறைய 180 சுற்றுச் சுற்றி 72 எம்.இ.வி.யிலிருந்து 590 எம்.இ.வி.க்கு ஏறுகிறது. நான்கு முக்கியக் கேவிட்டிகள்தான். கற்றை தொடர்ச்சியாக ஓடுவதால் துடிப்பு மாடுலேட்டர் (மின்சாரத்தைத் துடிப்புகளாக்கும் கருவி), கேவிட்டியை அலையால் நிரப்பும் நேரம் போன்ற தொல்லைகள் இல்லை. 1974இல் ஓடத் தொடங்கிய இயந்திரம் இது. பழைய அலுமினியக் கேவிட்டிகளை எடுத்துவிட்டுச் செம்புக் கேவிட்டிகளைப் போட்டார்கள். செம்பில் மின்தடை குறைவு, அதனால் அதே இழப்புக்குக் கூடுதல் மின்னழுத்தம் கிடைத்தது. மின்னழுத்தம் கூடினால் சுற்றுகள் குறையும். இங்கே ஓர் அழகான விதி உண்டு. அதே நிறுவனத்தின் வெர்னர் யோஹோ 1981இல் காட்டியபடி, மின்னேற்ற விலக்கத்தால் வரும் கற்றை இழப்பு சுற்றுகளின் எண்ணிக்கையின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. சுற்றுகளைக் கொஞ்சம் குறைத்தாலே இழப்பு மளமளவென்று இறங்கும். அதனால்தான் 1.3 மெகாவாட் கற்றையை வெளியே எடுக்கும்போது சிந்துவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குள் நிற்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆற்றல் ஏற ஏறச் சுற்றுகளுக்கு இடையிலான இடைவெளி சுருங்கும்; கற்றையைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது கடினமாகும். ஒரு ஜி.இ.வி.யை நெருங்கும்போது சைக்ளோட்ரானுக்கு மூச்சு வாங்கும். அப்புறம், நமக்கு வேண்டியது கற்றையா நியூட்ரானா என்ற கேள்வி. ஈயம் போன்ற கன இலக்கில் மோதும் ஒரு ஜி.இ.வி. புரோட்டான் இருபதுக்கு மேற்பட்ட நியூட்ரான்களை உதிர்க்கும். ஆனால் ஒரு ஜி.இ.வி.க்குக் கீழே இறங்கும்போது ஒவ்வொரு ஜூல் கற்றைக்கும் கிடைக்கும் நியூட்ரான் குறைந்துகொண்டே வரும். எனவே 590 எம்.இ.வி. இயந்திரத்தின் 13 சதவீதத்தையும் இன்னொன்றின் 9 சதவீதத்தையும் நேராக ஒப்பிட்டால் சைக்ளோட்ரானுக்குக் கொஞ்சம் சலுகை காட்டியதாகிவிடும்.

இனி மீக்கடத்தி லீனாக். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜின் எஸ்.என்.எஸ். என்ற நியூட்ரான் நிலையம் 2006இல் கற்றை தரத் தொடங்கியது. ஸ்வீடனில் லுண்டின் ஐரோப்பிய ஸ்பாலேஷன் மூலம் என்ற நியூட்ரான் நிலையம், அதாவது ஈ.எஸ்.எஸ்., 2 ஜி.இ.வி.யில் 5 மெகாவாட் என்று வடிவமைக்கப்பட்டது. முதல் கட்ட இலக்கு 2 மெகாவாட். இரண்டுமே நையோபியம் என்ற மீக்கடத்தி உலோகக் கேவிட்டிகளை 2 கெல்வினில் (சுமார் மைனஸ் 271 பாகை செல்சியஸ்) திரவ ஹீலியத்தில் மூழ்கடித்து ஓட்டுபவை.

மீக்கடத்தி என்றாலே மின்சாரம் மிச்சம் என்ற ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. செம்புக் கேவிட்டியோடு ஒப்பிட்டால் நையோபியத்தின் தரக் காரணி (இழப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு) லட்சக்கணக்கான மடங்கு அதிகம். ஆனால் அந்தச் சொற்ப இழப்பு 2 கெல்வினில் விழுகிறது. அங்கே விழும் ஒரு வாட்டை அறை வெப்பநிலைக்குத் தூக்கிக் கொண்டுவர இயற்கை விதிப்படியே 150 வாட் வேண்டும். நிஜ இயந்திரங்களில் 700 முதல் 1000 வாட். அதைக் கழித்தாலும் தொடர் கற்றை இயந்திரத்தில் நையோபியம் அமோகமாக ஜெயிக்கிறது.

துடிப்பு இயந்திரத்தில்தான் கதை மாறுகிறது. ஈ.எஸ்.எஸ். கற்றை ஒரு நொடிக்கு 14 முறை, ஒவ்வொரு முறையும் 2.86 மில்லி நொடி வரும். நேரத்தில் நான்கு சதவீதம்தான். செம்பாக இருந்தால் சுவர் இழப்பும் அந்த நான்கு சதவீத நேரத்தோடு முடிந்துவிடும். ஆனால் கிரையோஸ்டாட் என்ற குளிர்க்கலத்தின் சுவர் வழியாகவும் குழாய்கள் வழியாகவும் உள்ளே கசியும் வெப்பத்துக்குத் துடிப்பு என்ற ஒன்று கிடையாது. இருபத்து நாலு மணி நேரமும் கசியும். நான் மேலே சொன்ன பூஜ்யக் கற்றைச் செலவு இங்கே குளிர்சாதனத்தின் உருவத்தில் வருகிறது. கற்றை இல்லை என்பதற்காக வார இறுதியில் கேவிட்டிகளைச் சூடாக்கிவிடவும் முடியாது.

இன்னொரு விலையும் உண்டு. 2 ஜி.இ.வி.யை 62.5 மில்லி ஆம்பியரால் பெருக்கினால் துடிப்பின்போது கற்றை சக்தி 125 மெகாவாட். சராசரி 5 மெகாவாட்தான் என்றாலும் கிளைஸ்ட்ரான்கள் (ரேடியோ சக்தி தரும் வெற்றிடக் குழாய்கள்) அந்த 125ஐயும், அதற்கு மேல் கட்டுப்பாட்டுக்கான உபரியையும் தாங்கும் அளவுக்கு வாங்கப்பட வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் கேவிட்டியை நிரப்புவதற்குப் போகும் ரேடியோ சக்தி கற்றைக்குச் சேராது. துடிப்பு எவ்வளவு குட்டையோ அவ்வளவு விரயம்.

அப்படியானால் செம்பு லீனாக்கே போதாதா? ஒரு மனக்கணக்கு. மின்னழுத்த ஏற்றம் (சாய்வு) மீட்டருக்கு 1.5 மெகாவோல்ட், இணைத்தடை (அதிகமானால் சுவர் இழப்பு குறையும்) மீட்டருக்கு 30 மெகாஓம் என்று எடுத்துக்கொண்டால் சுவரில் மீட்டருக்கு 75 கிலோவாட் கரையும். கற்றை 60 மில்லி ஆம்பியர் என்றால் அது 90 கிலோவாட் எடுத்துக்கொள்ளும். பாதிக்கு மேல் கற்றைக்கே போகிறது, மோசமில்லை. அதுவே 15 மில்லி ஆம்பியர் என்றால் கற்றையின் பங்கு கால்வாசிக்கும் கீழே. ஆகவே உயர் மின்னோட்டம், குறுந்துடிப்பு, குறைந்த ஆற்றல் என்றால் செம்பு இன்றும் நியாயமான தேர்வு. எல்லா மீக்கடத்தி லீனாக்குகளின் முன்பகுதியும் செம்பாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இதே சாய்வில் 2 ஜி.இ.வி.க்குப் போக ஒரு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் தோண்ட வேண்டும். மீக்கடத்தியின் உண்மையான லாபம் அங்கேதான் தெரியும்.

நையோபியத்திலும் வளர்ச்சி நிற்கவில்லை. அமெரிக்காவின் பெர்மிலேப் ஆய்வகத்தில் அன்னா கிராசலினோ குழு கண்டறிந்த நைட்ரஜன் கலப்பு முறை, தொடர்நிலையில் ஓடும் எல்.சி.எல்.எஸ்.-2 என்ற எலக்ட்ரான் முடுக்கியின் கேவிட்டிகளில் இறங்கிவிட்டது. சுவர் இழப்பு கணிசமாகக் குறைந்தது. அடுத்தது நையோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த நையோபியம்-டின். இதன் மீக்கடத்து வெப்பநிலை 18 கெல்வின், நையோபியத்துக்கு 9.2. எனவே 4 கெல்வின் சொச்சத்தில் ஓட்டலாம், ஒரு வாட்டுக்கு ஆகும் மின்செலவு மூன்றில் ஒன்றாகவோ நான்கில் ஒன்றாகவோ விழும். உடையும் தன்மை இருப்பதால் பெரிய இயந்திரத்தை இதை மட்டும் நம்பி இன்றைக்குத் திட்டமிட மாட்டேன்.

சிங்க்ரோட்ரானைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. ஜப்பானின் டோக்காயில் இருக்கும் ஜே-பார்க் முடுக்கி நிலையம் 400 எம்.இ.வி. லீனாக்கிலிருந்து கற்றையை வாங்கி, நொடிக்கு 25 முறை 3 ஜி.இ.வி.க்கு ஏற்றி, ஒரு மெகாவாட் தரும் வகையில் அமைக்கப்பட்டது. காந்தங்களை மின்தேக்கிகளோடு ஒத்ததிர வைத்து, காந்தப்புல ஆற்றலை முன்னும் பின்னும் ஆடவிடுகிறார்கள். அதனால் அந்த ஆற்றல் வீணாவதில்லை. ஆனால் கம்பிச் சுருளின் வெப்பம், சுழல் மின்னோட்டம், அகல அதிர்வெண் கேவிட்டிகளின் உலோகக் கலவை வளையங்களில் கரையும் சக்தி எல்லாம் கற்றையின் அளவைப் பொருட்படுத்தாமல் நடக்கும். மூன்றிலும் திறன் குறைந்தது இதுதான். நியூட்ரினோ, கேயான் போன்ற துகள்களுக்காகப் பல ஜி.இ.வி. கட்டாயம் என்பவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டிய விலை.

பயன்பட்ட கற்றையின் ஆற்றலைத் திரும்பப் பெறும் லீனாக்கை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். மாரி டிக்னர் 1965இல் முன்வைத்த யோசனை அது. 2019இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தின் சிபீட்டா முடுக்கி எலக்ட்ரான்களின் ஆற்றலை நான்கு சுற்று ஏற்றி நான்கு சுற்று இறக்கிக் காட்டியது. எலக்ட்ரானுக்கு அருமையான வழி, ஏனென்றால் பயன்பட்ட பிறகும் கற்றை ஏறக்குறைய முழுசாக இருக்கும். புரோட்டான் இலக்கில் மோதிச் சிதறியே விடுகிறது. திரும்பப் பெற மிச்சம் எதுவும் கிடையாது.

இயந்திரம் முடிவானதும் அடுத்த பெரிய தேர்வு, ரேடியோ சக்தியைத் தரும் கருவி. எனக்குக் கேட்டால், கட்டி முடித்த நிலையத்திலும் பணம் போட்டால் உடனே பலன் தரும் இடம் இதுதான்.

கிளைஸ்ட்ரான் உச்சத்தில் 60 முதல் 65 சதவீதம் தரும். அந்த எண்ணைப் பார்த்து மயங்கக்கூடாது. கற்றை ஆடும்போது சரிசெய்ய உபரி வேண்டும் என்பதால் நடைமுறையில் உச்சத்துக்கு இருபது, முப்பது சதவீதம் கீழேதான் ஓட்டுவார்கள். கிளைஸ்ட்ரானோ வெளியீடு குறைந்தாலும் உள்ளே எடுக்கும் மின்சாரத்தைக் குறைக்காது. மிச்சம், குழாயின் கடைசியில் எலக்ட்ரான்களை வாங்கும் கலெக்டரில் வெப்பமாகும். ஆக நிஜத் திறன் ஐம்பதுக்கு அருகிலோ அதற்கும் கீழோ வந்து நிற்கும். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் இகோர் சிராட்செவ் போன்றவர்கள் எலக்ட்ரான் கற்றையைத் திரட்டும் முறையை மாற்றி இதை உயர்த்த முயல்கிறார்கள். புதிய வடிவங்கள் கணினிக் கணக்கில் 80 சதவீதத்தைத் தாண்டுகின்றன. பழைய குழாயின் இடத்திலேயே பொருந்தும் வடிவம் கிடைத்தால், மாற்றத் தயங்கவே வேண்டாம்.

ஐ.ஓ.டி. என்ற குழாய் வெளியீட்டுக்குத் தக்கபடிதான் மின்சாரம் எடுக்கும். ஈ.எஸ்.எஸ்.க்காக 1.2 மெகாவாட் பலகற்றை ஐ.ஓ.டி. மாதிரிகளே செய்து சோதித்தார்கள். நல்ல முடிவுகள் வந்தும் கடைசியில் கிளைஸ்ட்ரானோடு போனார்கள். அட்டவணை நெருங்கும்போது தெரிந்த தொழில்நுட்பத்தின் பக்கம் சாய்வது புரிகிறது, ஆனாலும் எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. வில்லிகெனில் 50 மெகாஹெர்ட்சுக்கு டெட்ரோடு என்ற வெற்றிடக் குழாய்கள் ஓடுகின்றன. தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு அவை இன்னும் பொருத்தமே.

டிரான்சிஸ்டர் பெருக்கிகளைப் பிரான்சின் சோலெய் என்ற ஒளிமூல முடுக்கி பிரபலப்படுத்தியது. செர்னின் எஸ்.பி.எஸ். முடுக்கியில் இப்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் சேர்ந்து 200 மெகாஹெர்ட்ஸ் சக்தியைத் தருகின்றன. திறன் ஐம்பது சொச்சம்தான், நல்ல கிளைஸ்ட்ரானை உச்சத்தில் தோற்கடிக்காது. ஆனால் பாதிச் சுமையில் வழங்கு மின்னழுத்தத்தைக் குறைத்துத் திறனைக் காப்பாற்றலாம். சில தொகுதிகள் செத்தாலும் கற்றை நிற்காது. கிளைஸ்ட்ரானைப் போல லட்சம் வோல்ட் தேவையில்லை. தொடர் கற்றை இயந்திரத்துக்கு, அதிர்வெண் சில நூறு மெகாஹெர்ட்சுக்குள் இருந்தால், இதையே எடுப்பேன். மேக்னட்ரான் (மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கும் குழாய் வகை) 85 சதவீதத்தைத் தாண்டுகிறது, விலையும் மலிவு. ஆனால் அதன் அலையைத் தாளம் தவறாமல் பூட்டி வைப்பது இன்னும் ஆய்வுக்கூட வேலையாகவே இருக்கிறது.

காந்தங்களில் ஒரு எளிய உண்மை அடிக்கடி மறக்கப்படுகிறது. தேவையான ஆம்பியர்-சுற்று (மின்னோட்டம் பெருக்கல் சுருளின் சுற்றுகள்) மாறாதபோது, சுருளின் வெப்ப இழப்பு மின்னோட்ட அடர்த்திக்கு நேர்விகிதம். செம்பை இரட்டிப்பாக்கினால் மின்செலவு பாதி. கட்டும்போது செம்பின் விலை கண்ணை உறுத்தும், முப்பது வருட மின்கட்டணம் யார் கண்ணிலும் படாது. நிலைக்காந்தம் இன்னும் ஒரு படி மேலே: செர்னின் லீனாக்-4லும் எஸ்.என்.எஸ்.ஸிலும் டிரிஃப்ட் குழாய்களுக்குள் இருக்கும் நாற்துருவங்கள் (கற்றையைக் குவிக்கும் காந்தங்கள்) நிலைக்காந்தங்களே, மின்சாரமே வேண்டாம். பிரான்சின் கிரெனோபிளில் இருக்கும் எக்ஸ்-கதிர் ஒளிமூலம் 2020இல் புதுப்பிக்கப்பட்டபோது 128 இருதுருவங்களை (கற்றையை வளைக்கும் காந்தங்கள்) நிலைக்காந்தமாகவே போட்டது. கதிர்வீச்சு அதிகமான இலக்குப் பக்கம் மட்டும் யோசிக்க வேண்டும். அங்கே நியோடிமியத்தைவிட சமாரியம்-கோபால்ட் தாங்கும்.

கழிவு வெப்பத்தை வீடுகளுக்குத் தருவதைப் பற்றி நிறையப் பேச்சு. லுண்டில் ஈ.எஸ்.எஸ்.ஸும் மேக்ஸ்-4 என்ற ஒளிமூலமும் நகர வெப்ப வலையமைப்போடு இணைக்கப்பட்டவை. நல்ல காரியம்தான். ஆனால் இது கட்டும் முன்பே எடுக்க வேண்டிய முடிவு. முடுக்கியின் குளிர்நீர் வழக்கமாக முப்பது, நாற்பது பாகை செல்சியஸில் திரும்பும். வெப்ப வலைக்கு அறுபது, எண்பது வேண்டும். கிளைஸ்ட்ரான் கலெக்டரைச் சூடாக ஓட்டலாம், அதன் நீரைத் தனிக் குழாயில் எடுத்தால் நேரடியாகவே பயன்படும். துல்லியமான வெப்பநிலை கேட்கும் கேவிட்டி நீரோடு கலந்துவிட்டால் எல்லாமே வெதுவெதுப்பாகி, வெப்பப் பம்பு இல்லாமல் விற்க முடியாது. அப்புறம் ஒரு முரண்: வீடுகளுக்கு வெப்பம் அதிகம் வேண்டிய குளிர்காலத்தில்தான் செர்ன் உட்பட ஐரோப்பியக் கூடங்கள் பல, மின்வலையின் நெருக்கடியை மனதில் வைத்து, இயந்திரத்தை நிறுத்துகின்றன. 2022இல் செர்ன் இந்த நிறுத்தத்தை இரண்டு வாரம் முன்னுக்கே கொண்டுவந்தது. அதனால் வெப்ப விற்பனையைத் திறன் கணக்கில் சேர்ப்பதை நான் ஏற்பதில்லை. ஒரு மெகாவாட் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதும், அதை வெந்நீராக்கி விற்பதும் ஒன்றல்ல.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கேள்வி. ஜோர்டானின் செசமி முடுக்கி 2019இல் தனக்கென ஒரு சூரியமின் நிலையம் அமைத்துத் தன் தேவை முழுவதையும் ஈடுகட்டியது. அது சிறிய இயந்திரம். பெரியவற்றுக்குச் சுரங்கத்தின் கான்கிரீட்டும் எஃகும் ஒரு பெரிய கார்பன் சுமை. சூரிய, காற்று மின்சாரம் பெருகப் பெருக இந்தக் கட்டுமானப் பங்கு மேலும் எடுப்பாகத் தெரியும். குட்டையான மீக்கடத்தி லீனாக்குக்கு இது இன்னொரு சாதகம்.

கடைசியாக, உலையை ஓட்டும் முடுக்கி. பெல்ஜியத்தின் மோலில் திட்டமிடப்பட்டிருக்கும் மிர்ரா உலை 600 எம்.இ.வி., 4 மில்லி ஆம்பியர், அதாவது 2.4 மெகாவாட் தொடர் கற்றை கேட்கிறது. என் அளவுகோலின்படி பார்த்தால் இது சைக்ளோட்ரானின் களம். ஆனால் அங்கே மூன்று நொடிக்கு மேல் கற்றை நிற்பது, மூன்று மாத ஓட்டத்தில் பத்து முறைக்குள் அடங்க வேண்டும் என்பது நிபந்தனை, உலையின் பாகங்கள் வெப்ப அதிர்ச்சியைத் தாங்காது என்பதால். சைக்ளோட்ரானில் ஒரு கேவிட்டி விழுந்தால் கற்றை போயிற்று. மீக்கடத்தி லீனாக்கில் பக்கத்துக் கேவிட்டிகள் சில நொடிகளில் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும்படி செய்யலாம். அதற்காக எல்லாக் கேவிட்டிகளையும் உச்சத்துக்குக் கீழே ஓட்டி, பெருக்கிகளில் உபரியை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். அதனால் லீனாக்கையும் டிரான்சிஸ்டர் பெருக்கிகளையும் தேர்ந்தார்கள். சில சதவீதத் திறனைக் கொடுத்து நம்பகத்தை வாங்கியிருக்கிறார்கள், இந்த வேலைக்கு நானும் அப்படித்தான் வாங்கியிருப்பேன்.